சிமெண்ட் போட்ட வாசல்

நாங்கள் டவுனில், ரயில்வே ஆட்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்தபோது வீட்டின் முன்னால் செம்மண் வாசல் இருந்தது. வேலியோரம் வாழையும் ஒரு முருங்கையும். மத்தியான மழை கொட்டித் தீர்த்தாலும், நான் அடுப்பைப் பற்றவைத்து முடிப்பதற்குள் அந்த மண் தண்ணீரைக் குடித்துவிடும்.

என் கணவர் ரயில்வே ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி. அவருக்கு அந்த மண் பிடிக்கவில்லை. வெள்ளைக் கால்சட்டையில் செம்மண் பட்டுவிட்டால் அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதைத் துவைத்தவள் நான்; எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் மரங்களை வெட்டிவிட்டு, இந்த வேலியிலிருந்து அந்த வேலி வரை சிமெண்ட் பூச ஆள் கூட்டி வந்தார். நடக்கிற பாதைக்கு மட்டும் போதுமே, விழுகிற தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன்.

"மண்ணு வேணும்னா காஜாங் தோட்டத்துக்கே திரும்பிப் போ. இது டவுனு," என்றார்.

நான் அந்த ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அதை அவர் சொல்லிக்காட்டியதும், வெட்டிப் போட்ட முருங்கையிலிருந்து கீரையை உருவ உட்கார்ந்துவிட்டேன்.

முதல் மழையிலேயே தண்ணீர் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது. நிலைக்கு முன்னால் செங்கல் தடுப்பு கட்டினார். எங்கள் வீடு தப்பியது. ஆனால் சரிவு பக்கத்து வீட்டை நோக்கி இருந்ததால் மொத்தத் தண்ணீரும் அங்கே திரும்பியது. அந்த வீட்டு அக்கா மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகிறவர். கணவர் ரயில் ஓட்டுபவர் என்பதால் பாதி நாள் தனியாகத்தான் இருப்பார். ஒவ்வொரு மழைக்கும் அவர் தகர டப்பாவால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றுவது எனக்குக் கேட்கும். நான் மறுபடி மறுபடி சொல்லியும் என் கணவர் காதில் ஏறவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெரிய மழை. அக்கா என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், சமையல்கட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். பலகாரத்துக்கு இடித்து உலர்த்திய மாவெல்லாம் கூழாகிக் கிடந்தது.

"உங்க வாசல்ல விழுற தண்ணிய ஒவ்வொரு தடவையும் நான்தான் வாரி ஊத்தணுமா தங்கச்சி?"

நானும் ஒரு டப்பாவை எடுத்து வாரினேன். சாயங்காலம் இவரிடம் சொன்னேன். வேண்டுமானால் அவர்கள் தங்கள் தரையை உயர்த்திக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டுக் காப்பி கேட்டார்.

பண்டிகை லீவு முடிந்து அவர் ஆபீசுக்குப் போனதும் அக்காவிடம் கடப்பாரை கேட்டேன். எதற்கென்று கேட்காமலே கொடுத்தார். அக்கா வீட்டு வேலியோரமாக ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்டை இடிக்க ஆரம்பித்தேன். உள்ளங்கை கொப்பளித்தது. கொஞ்ச நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த அக்கா, மண்வெட்டியோடு வந்தார். அடியில் இருந்த மண் கல்லாக இறுகிக் கிடந்தது. அதைக் கொத்திப் பள்ளம் எடுத்து, உடைந்த துண்டுகளை அடியில் போட்டு, மேலே மண்ணை நிரப்பினோம். அக்கா தன் கொல்லையிலிருந்து ஒரு வாழைக்கன்று கொண்டுவந்து நட்டார்.

சாயங்காலம் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாரு ஒடைச்சது?"

"நான்தான். மூடுனீங்கன்னா திரும்பவும் ஒடைப்பேன்."

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். மறுநாளே ஒரு மூட்டை சிமெண்ட் வந்து இறங்கியது. அதைப் பூச ஆள் வருவதற்குள் மழை வந்தது. வாசற்படியில் நின்று பார்த்தார். தண்ணீர் அந்த மண்பட்டையை அடைந்து, தேங்கி, மெல்ல இறங்கியது. பக்கத்து வீட்டில் டப்பாச் சத்தம் கேட்கவில்லை. இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

இன்றைக்கு மழை கம்மி என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மூட்டை ஈரத்தில் இறுகிப் பாழானது. பட்டையை அவர் மூடவில்லை. மீதியை உடைக்கவும் விடவில்லை. வெயில் நேரத்தில் அந்தச் சிமெண்டில் கால் வைக்க முடியாது. யாராவது வீட்டுக்கு வந்தால், உட்காரச் சொல்வதற்கு முன்னாலேயே வேலியோரத்தைக் காட்டி, "என் சம்சாரம் பண்ண வேல," என்பார். அவர்களும் அவருக்காகப் பரிதாபப்படுவார்கள். நான் காப்பி போடப் போய்விடுவேன்.