பன்னிரண்டாம் பக்கமும் பத்தொன்பதாம் பக்கமும்

வீட்டுக்கு வீடு போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் முதலில் பழக வேண்டியது காபி குடிக்கும் வேகம். சீக்கிரம் குடித்தால் இன்னொரு டம்ளர் வரும்; மெதுவாகக் குடித்தால் எதிரில் உட்கார்ந்து, “உங்களுக்கு எப்போ கல்யாணம்?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிற நான் இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தேன் என்று கேட்காதீர்கள். நாச்சுரல் சயன்ஸில் பி.ஏ. முதல் வகுப்பு வாங்கிவிட்டு, மாம்பலத்தில் அண்ணா கட்டிய புது வீட்டில், அண்ணி வடித்த சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உறுப்புகளின் பெயர்களை யார் தலையிலாவது ஏற்றப் பார்த்தவர்களுக்கும், அப்படி ஏற்றப்பட்டவர்களுக்கும் நான் பட்ட பாடு புரியும்.

நிபந்தனை

கோமதியின் வீடு மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே. அவள் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம், அப்பா வக்கீல். முதல் நாளே அவர் நின்றுகொண்டே, கோர்ட்டில் பேசுவதுபோல விஷயத்தைச் சொன்னார். முதல் தடவையிலேயே எல்லாப் பாடத்திலும் பாஸ் என்றால் மெடிகல் காலேஜ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவார். ஒரு பாடம் போனாலும் ஆவணியில் கல்யாணம். தஞ்சாவூர்ப் பக்கம் பேசி வைத்திருந்தார்கள். மற்றப் பாடங்களைப் பற்றிக் கவலை இல்லை, பிராணி சாஸ்திரம்தான் கொஞ்சம் இடிக்கிறது என்றார்.

கோமதி கதவுக்குப் பின்னால் நின்றாள். கதவு விளிம்பைப் பிடித்திருந்த நான்கு விரல்கள் மட்டும் தெரிந்தன. நகங்கள் வெளுத்திருந்தன. அவள் அம்மா காபியை என் கையில் கொடுத்துவிட்டுத் தணிந்த குரலில், “கேள்வி கீள்வி கேட்டுக் குழப்பிடாதேங்கோ. அவளுக்கு ஒரு தடவை சொன்னாப் போறும், அப்படியே ஒட்டிக்கும்” என்றாள்.

நடுவில் நிற்காத வண்டி

அம்மா சொன்னது உண்மை. என் காலேஜ் நோட்டிலிருந்து நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வாள். பக்க எண்கூட மாறக்கூடாது என்பது என் ஏற்பாடு. மறுநாள் “பன்னிரண்டாம் பக்கம்” என்றால் போதும். கண்ணை மூடி, லேசாக முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, கமா, முற்றுப்புள்ளி பிசகாமல் ஒப்பிப்பாள். உள்ளறையில் கேஸ் கட்டுப் படித்துக்கொண்டிருக்கும் அப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்துவாள். அந்த வீட்டில் படிப்பைக் காதால்தான் அளந்தார்கள். எனக்கும் பெருமையாகவே இருந்தது. நானும் அப்படிப் படித்து வந்தவள்தானே.

ஒரு நாள் நடுவில் நிறுத்தி, “இதயத்துக்குள் இருக்கும் அந்தக் கதவு ஏன் ஒரு பக்கம் மட்டும் திறக்கிறது?” என்று கேட்டேன். வேறொன்றுமில்லை, சும்மா கேட்டேன். அவள் கண்ணைத் திறந்து, தூக்கத்தில் எழுப்பப்பட்ட குழந்தைபோல என்னைப் பார்த்தாள். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. உள்ளே காகிதம் புரளும் ஓசை நின்றது. கோமதி மெல்லக் குனிந்து கெஞ்சினாள்: “நடுவுல கேட்டா வராது டீச்சர். ஆரம்பத்துலேர்ந்து சொல்லட்டுமா?”

பழுப்புக் காகிதம்

வாரத்தில் மூன்று நாள் ராயப்பேட்டையில் மெஹருன்னிஸாவுக்குப் பாடம். அவள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள், மொத்த ஜவுளி வியாபாரம். அவளும் கோமதியின் வகுப்புதான், ஆனால் கடைசி பெஞ்ச். போன வருஷம் தவறியவள். இந்த வருஷமும் தவறினால் இன்னொரு தடவை எழுதட்டும் என்பார் அத்தா. கோமதிக்கு அந்த இன்னொரு தடவை கிடையாது.

மெஹருன்னிஸாவுக்கு நாலு வரிக்கு மேல் மனப்பாடம் ஆகாது. ஐந்தாவது வரி வரும்போது முதல் வரி ஓடிவிடும். அதனால் ஜவுளிக் கட்டுக்குச் சுற்றிவந்த பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, நடுவில் இதயத்தைப் போட்டுக்கொள்வாள். அதிலிருந்து ஒரு கிளை நுரையீரலுக்கு, ஒரு கிளை குடலுக்கு, ஒன்று மூளைக்கு. ஒவ்வொரு கோட்டின் மேலும் எது போகிறது, எதற்குப் போகிறது என்று இரண்டே சொல். பதில் தெரியாத கோட்டை எழுதாமல் விட்டு, நான் வந்ததும் கேட்பாள். அவள் கேட்பதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. “அடுத்த பாடத்தில் வரும்” என்று தப்பித்துக்கொள்வேன். அவ்வளவு பெரிய காகிதத்தில் பாதி உறுப்புகளுக்குப் பெயரே எழுதவில்லையே என்று கண்டித்தபோது, ஜன்னல் தட்டி வழியாகத் தெருவைக் காட்டினாள். டிராம் மணியடித்துக்கொண்டு திரும்பியது. “எங்கேருந்து வருது, எங்கே திரும்புதுன்னு தெரிஞ்சா போதும் டீச்சரம்மா. ஸ்டாப்பு பேரை நாளைக்குக்கூடக் கேட்டுக்கலாம்” என்றாள்.

புடவையில் பீச்சிய தண்ணீர்

காலேஜில் தவளை அறுத்திருக்கிறேன். தவளையின் இதயம் புளியங்கொட்டை அளவு. அதற்குள் அறை இருக்கிறது, கதவு இருக்கிறது என்று புத்தகம் சொன்னதை நம்பினேன், பார்த்ததில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது மெஹருன்னிஸா ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். ஆட்டின் இதயம். குழாய்களை ஒட்ட நறுக்காமல் கொடுக்கும்படி கசாப்புக்கடைக்குச் சொல்லி அனுப்பி வாங்கியதாம். வலது மேலறைக்குள் தண்ணீர் ஊற்றினோம். கீழறை நிரம்பி உப்பியது. அவள் கையால் அமுக்கினாள். மேலே இருந்த குழாய் வழியாகத் தண்ணீர் என் புடவையில் பீச்சியடித்தது.

“உடம்பெல்லாம் சுத்திட்டு வந்த அழுக்கு ரத்தம் இப்படித்தானே உள்ளே வருது? அதேதானே இந்தக் குழாயில வெளியே போவுது?” என்றாள். “ஆமாம், நுரையீரலுக்கு” என்றேன், யோசிக்காமல். அவள் நோட்டைப் பிரித்தாள். பன்னிரண்டாம் பக்கம்: இதயத்திலிருந்து வெளியே போகும் குழாய்கள் எல்லாவற்றிலும் ஓடுவது சுத்த ரத்தம். நான் சொல்லி அவள் எழுதியது. நுரையீரலுக்குப் போவது அழுக்கு ரத்தம் என்ற வரி பத்தொன்பதாம் பக்கத்தில், மூச்சு விடுதல் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. இரண்டையும் நான் உருப்போட்டவள். இரண்டையும் பரீட்சையில் எழுதி முதல் வகுப்பு வாங்கியவள். ஏழு பக்கம் தள்ளித் தள்ளி இருந்ததால் என் தலைக்குள் அவை ஒரு நாளும் முகத்தோடு முகம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அந்த நிமிஷம் எனக்குக் கேட்டது கோமதியின் குரல். கண்ணை மூடி, ஆடிக்கொண்டே, கமா பிசகாமல் பன்னிரண்டாம் பக்கம். கை ஈரத்தைத் துடைத்தபடி, “புத்தகத்தில் பார்த்துச் சொல்கிறேன்” என்று முணுமுணுத்தேன். மெஹருன்னிஸா என்னைச் சங்கடப்படுத்த நினைக்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்: “தண்ணி பொய் சொல்லாதுல்ல டீச்சரம்மா?”

சத்தம் நின்ற வீடு

மறுநாள் மயிலாப்பூரில் கோமதி வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டேன். குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மறுபடியும் தாண்டினேன். மூன்றாவது தடவை அவள் அம்மாவே வாசலுக்கு வந்துவிட்டாள். சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று வழியெல்லாம் ஒரு கோழைத்தனமான திட்டம் போட்டு வைத்திருந்தேன். “பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி மாற்றிக்கொள்” என்று சாதாரணமாகச் சொன்னேன். கோமதி அடித்து எழுதிக்கொண்டாள். கண்ணை மூடி ஆரம்பித்தாள். அந்த இடம் வந்ததும் பழைய வரியே வந்தது. திரும்ப ஆரம்பித்தாள், திரும்பவும் பழைய வரி. மூன்றாவது தடவை அதை எப்படியோ அடக்கிக்கொண்டாள். அதோடு அடுத்த வரி வரவில்லை. அதற்கடுத்த பக்கமும் வரவில்லை. பதின்மூன்று, பதினாலு, எதுவும். பூமாலையில் ஒரு பூ கழன்று மொத்தமும் தரையில் சிதறினாற்போல ஆயிற்று. பரீட்சைக்கு ஒன்பது நாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. கதவை அன்று பிடித்த அதே பிடி.

உள்ளறைக் கதவு திறந்தது. “ஏன் சத்தம் நின்னுடுத்து?” என்றார் அப்பா.

ஆறு மாதமாக அவரோடு நான் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். எழுந்து நின்றேன். நோட்ஸில் தவறு இருக்கிறது, கோமதிமேல் தப்பில்லை, நான் தவறாகச் சொல்லிவிட்டேன், எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது என்று அவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன். காபி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை; கோபப்பட்டிருந்தால் அழுதாவது இருக்கலாம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார்: “நீங்க ஃபர்ஸ்ட் கிளாஸ்னு இல்லையோ சொன்னா?”

பட்டம் விடுகிற அம்மா

ஒன்பது நாள் வரலாம், பிறகு வர வேண்டாம் என்று முடிவாயிற்று. மறுநாள் காலை ராயப்பேட்டைக்குப் போய் மெஹருன்னிஸாவிடம் காகிதத்தைக் கேட்டேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் சுருட்டிக் கொடுத்தாள். டிராமில் அது எல்லார்மேலும் இடித்தது. கண்டக்டர், “இன்னாம்மா, இம்மாம் பெரிய காகிதம்? பீச்சாண்ட பட்டம் வுடப் போறியா?” என்றார். வண்டி முழுக்கச் சிரித்தது. மற்ற நாளாயிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்திருப்பேன். அன்று இறங்கவில்லை.

கோமதி வீட்டுக் கூடத்தில் விரித்தேன். “யார் எழுத்து இது?” என்றாள். சொன்னேன். “கடைசி பெஞ்ச் மெஹருன்னிஸாவா?” என்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு, வேறு வழியில்லாததால் குனிந்தாள். நுரையீரலுக்குப் போகும் கோட்டின்மேல் என் நோட்ஸைப் பார்த்து அவள் எழுதியிருந்த ‘சுத்த ரத்தம்’ என்பதைச் சிவப்புப் பென்சிலால் திருத்தினோம். எந்தக் கோட்டில் விரல் வைத்தாலும் அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும், அதற்கப்புறம்தான் பெயர். சாயங்காலம் காகிதத்தைச் சுருட்டிவிட்டு, ஸ்லேட்டில் தானாகப் போட வேண்டும். விட்டுப்போனது எதுவோ அதுதான் மறுநாள் பாடம். முதல் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், “சிறுநீரகத்துக்கு ரத்தம் போற கோடு இருக்கு, திரும்பி வர்றது இல்லையே” என்று அவளே கண்டுபிடித்து வரைந்தாள். வீட்டில் ஓசையே இல்லை. அம்மா அரை மணிக்கொரு தரம் வந்து தூங்குகிறாளா என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள். அப்பா உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடந்தார். நடக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

காகிதம் ஒரு நாள் மயிலாப்பூர், ஒரு நாள் ராயப்பேட்டை என்று என் கக்கத்தில் போய்வந்தது. சிறுநீரகத்தின் பக்கத்தில் புது எழுத்தைப் பார்த்ததும் மெஹருன்னிஸா அதன்மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். “கோமதியா போட்டாங்க? அவங்க எங்கிட்ட ஒரு நாள்கூடப் பேசினதில்லையே.”

இங்கிருந்து சொல்

எழுத்துப் பரீட்சை ஓரளவு நடந்தது. பிராக்டிகல் அன்று காலேஜ் வாசலில், ஜட்கா வண்டிகள் நிற்கும் மர நிழலில் நானும் நின்றேன். வர வேண்டாம் என்று சொன்ன கோமதியின் அப்பா வந்து பார்த்தால் என்ன சொல்வது என்ற பயம் வேறு. வெயில் ஏறிற்று. ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். கோமதி கடைசியில் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அவளே சொன்னாள். மேஜைமேல் பிளாஸ்டரில் செய்த இதயம் ஒன்று இருந்ததாம். ஆரம்பி என்றதும் பழைய வழக்கப்படி கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டாளாம். இரண்டு வாக்கியத்தில் பரீட்சகர் கையை உயர்த்தி நிறுத்தி, இதயத்தைத் திருப்பி வைத்து, ஒரு குழாயைப் பென்சிலால் தொட்டு, “இங்கிருந்து சொல்” என்றாராம். “முன்னாடி என்ன வரும்னு ஞாபகமே வரலை டீச்சர். காகிதத்துல அந்த எடத்துல செகப்புப் பென்சில் இருந்துதா, அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் நடந்து போயிட்டேன்” என்றாள்.

கையெழுத்து

ரிசல்ட் பத்திரிகையில் வந்த அன்று, அண்ணா கையிலிருந்த பேப்பரை வாங்கி இரண்டு நம்பர்களைத் தேடினேன். இரண்டும் இருந்தன. சாயங்காலம் கோமதியும் அப்பாவும் மாம்பலத்துக்கே வந்துவிட்டார்கள். அண்ணி கொடுத்த காபியை அவர் எந்த வேகத்தில் குடிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்த வரியை இதுக்கு முன்னே வேற யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கேளா?” என்றார். நாலு பேருக்கு என்றேன். “அவாளுக்கும் ஒரு கார்டு போட்டுடுங்கோ” என்றார்.

கிளம்பும்போது, தன் சின்னப் பெண்ணும் வருகிற வருஷம் இதே பாடம் எடுக்கப் போகிறாள், அந்தக் காகிதம் தங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், நானும் வரலாம் என்றார். நான் தலையாட்டுவதற்குள், அப்பா எதிரில் குரலே எழுப்பாத கோமதி சொன்னாள்: “அது மெஹருன்னிஸாவோடது அப்பா. நானே போய்த் திருப்பிக் குடுத்துட்டு வரேன்.”

பத்திரிகையில் வந்தது என்னவோ இரண்டு நம்பர்தான், ஆனால் அந்த வருஷம் பிராணி சாஸ்திரத்தில் என் கணக்குப்படி பாஸானது மூன்று பேர்.