தபாலா, கூரியரா?

"புத்தகமெல்லாம் தபால்ல அனுப்புவீங்களா, கூரியர்லயா?"

வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் எந்தப் படிப்பு என்று கேட்பதற்குள் ஹவில்தார் ராஜபாண்டி இதைக் கேட்டுவிடுவார். கூரியர் என்று பதில் வந்தால் பேச்சு அத்தோடு சரி. கையில் கொடுத்த பிராஸ்பெக்டஸை மேசையிலேயே வைத்துவிட்டு, உட்கார்ந்த நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, வெளியே வந்து வண்டியை எடுப்பார். ஒரு மாத லீவில் திருப்பூர் வீரபாண்டிக்கு வந்த மனிதர், பத்து நாளில் எட்டுக் கல்லூரிகளின் படியை இப்படி ஏறி இறங்கிவிட்டார்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். அவருக்கு அது வீணாய்ப் போன ஒரு வருசம். நான்கு வருசத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் தொலைநிலையில் பி.காம். சேர்ந்தார். யூனிட் முகவரியைக் கொடுத்தார். பட்டாளத்துக்காரன் எந்த மலையில் நிற்கிறான் என்று முகவரியில் எழுத மாட்டார்கள். பேர், நம்பர், அப்புறம் ஏ.பி.ஓ. என்று மூன்று எழுத்து, அவ்வளவுதான். அரசாங்கத் தபால் அதைப் படித்துப் பனிக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்துவிடும். கூரியர்க்காரனுக்கு அது ஊரும் இல்லை, தெருவும் இல்லை. புத்தகப் பெட்டி டெல்லி வரைக்கும் போய், 'முகவரி முழுமையாக இல்லை' என்ற சீட்டோடு திரும்பி வந்தது. தேர்வு முடிந்துபோனது. கல்லூரிக்குப் போன் போட்டால், "நீங்க ஒழுங்கான அட்ரஸ் குடுத்திருக்கணும் சார்" என்றார்கள். நாட்டுக்குக் காவல் நிற்கிற இடம் ஒழுங்கான அட்ரஸ் இல்லையாம். அந்த வார்த்தையை அவர் இன்னும் மறக்கவில்லை.

வயது முப்பத்தாறு. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா காசிமாயன், மகுடேஸ்வரனின் பனியன் கம்பெனியில் அயர்ன் மாஸ்டராக நின்று நின்று முட்டி போனபின் ஊரோடு போய்விட்டார். மனைவி நதியா அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். லீவிலும் ராஜபாண்டி ஐந்து மணிக்குச் சவரம் செய்துவிடுவார். கல்லூரிக்குப் போகிற சட்டையை அவரே தேய்ப்பார். காசிமாயன் மகன் தேய்த்தால் மடிப்பில் விரல் வைக்க முடியாது. பிராஸ்பெக்டஸைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முன்னாடி பூராம் மரமும் கட்டடமும்தான் இருக்கும். நம்மள மாட்டிவிடுறதெல்லாம் பின்னாடி பொடி எழுத்துல இருக்கும்" என்பார்.

எதைப் பூட்டினாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்காமல் நகர மாட்டார். ஆயுதக் கிடங்கில் காவல் நின்ற கை அது, விடாது. "பூட்டு கையோட வந்துரப் போகுது மாமா. உள்ள என்ன பீரங்கியா இருக்கு?" என்று நதியா கேட்பாள். வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று அது; உள்ளே ஒரு கட்டிலும் கிரைண்டரும் மகளின் சைக்கிளும்தான் இருக்கின்றன. அவர் இன்னொரு தடவை இழுத்துவிட்டு வருவார்.

சர்வீஸ் முடிய இன்னும் மூன்று வருசமும் இரண்டு மாதமும். டிகிரிக்கு மூன்று வருசம். இந்த லீவில் சேர்ந்தால் வெளியே வரும்போது கையில் ஒரு டிகிரி இருக்கும். விட்டால் இருக்காது. இல்லாமல் வந்தால் என்ன ஆகும் என்று அவர் யோசித்துக்கூடப் பார்க்க வேண்டாம், நதியாவின் கம்பெனி கேட்டில் போய் நின்றாலே போதும்.

அங்கே அழகுமலை இருக்கிறார். இருபத்திரண்டு வருசம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது நீலச் சட்டை, கழுத்தில் விசில், கால் ஒடிந்து கயிறு கட்டிய பிளாஸ்டிக் நாற்காலி. வெளியே அனுப்பும்போது, இது பட்டப்படிப்புக்குச் சமம் என்று பட்டாளம் கொடுத்த சான்றிதழை லேமினேட் செய்து கேட் ரூமுக்குள் மாட்டி வைத்திருக்கிறார். "இத எங்க நீட்டுனாலும், 'இது எந்தக் காலேஜுங்க'ன்னு கேக்குறாய்ங்க தம்பி. சரி, இங்க மாட்டுவோம், கொசுவாவது படிக்கட்டும்னு மாட்டிட்டேன்" என்று சொல்லிச் சிரிப்பார். ராஜபாண்டிக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்காது.

மகுடேஸ்வரன் நல்ல மனிதர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். ராஜபாண்டி லீவில் வந்தது தெரிந்தால் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்குவார். "ஏனுங்க ராஜபாண்டி, ரிட்டையர் ஆனா வேற எங்கயும் போயராதீங்க கண்ணு. நம்ம கேட்டு உங்களுக்குத்தானுங்க. பட்டாளத்துக்காரரு நின்னா எனக்கொரு தைரியமுங்க." மனதாரத்தான் சொல்வார். ராஜபாண்டி "சரிங்க முதலாளி" என்பார். அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆகவேதான் இந்தக் கல்லூரி வேட்டை. ஒரு பெரிய கல்லூரி வாசலில் சல்யூட் அடிக்கும் ஜவான் படம் போட்டு, படைவீரர்களுக்குச் சிறப்புச் சலுகை என்று ஆள் உயரத்துக்கு ஃபிளக்ஸ் வைத்திருந்தார்கள். உள்ளே போய் விசாரித்தால், "அது ஜவானோட பசங்களுக்குங்ணா, ஜவானுக்கு இல்லீங்" என்றார்கள். "சரிங்க. எம் பொண்ணு ஆறாவது படிக்கிறா. பன்னெண்டு முடிச்சதும் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்னொன்றில் சனி, ஞாயிறு மட்டும் வகுப்புக்கு வந்தால் போதும் என்றார்கள். மலையில் சனி, ஞாயிறு கிடையாது என்பதை அவர்களுக்குப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்த பிறகும் வரத்தான் வேண்டும் என்றார்கள்.

பேக்கரிக்கு மேல்மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், சுவர் நிறையப் பட்டம் வாங்கியவர்கள் படம். அங்கிருந்தவன் நாற்காலியை இழுத்துப் போட்டு டீ வரவழைத்தான். "நீங்க வரவே வேண்டாங்க சார். நீங்க பார்டரப் பாருங்க, பரீட்சைய நாங்க பாத்துக்கறோம்." ராஜபாண்டி டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார். படியில் பாதி இறங்கியவர் ஒரு நிமிடம் நின்றார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அழகுமலையின் நாற்காலி ஞாபகம் வந்தால் யார்தான் நிற்க மாட்டார்கள். அப்புறம் மீதிப் படியையும் இறங்கிவிட்டார்.

ஒன்பதாவதுதான் காங்கேயம் ரோட்டில், தேங்காய் உலர்த்தும் களத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்னக் கல்லூரி. ஆபீசில் யாழினி என்ற பெண் இருந்தாள். கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்தாள். "தபால்தாங்ணா. ரெஜிஸ்டர் தபால்." ராஜபாண்டி அதுவரை மடியில் வைத்திருந்த ஃபைலை முதல் முறையாக மேசைமேல் வைத்தார். ஜவானுக்குப் பாதிக் கட்டணம். எந்த ஊரில் போஸ்டிங்கோ அங்கேயே பரீட்சை எழுதலாம். "லீவு கெடைக்கலீன்னா அடுத்த தடவை எழுதிக்கலாங்ணா. பேரெல்லாம் எடுக்க மாட்டோமுங்." அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவள் முகம் சுளிக்காமல் சொன்னாள். கல்லூரி என்று இருந்தால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே ஃபைலைப் பிரித்தார்.

ஒரே ஒரு காகிதம் வேண்டும்: படிக்கலாம் என்று யூனிட் கொடுக்கும் அனுமதிக் கடிதம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள். "அதுக்கப்பறம் சைட்டே மூடிக்குமுங்ணா, நாங்க நெனச்சாலும் முடியாதுங். போட்டோவா வந்தாக்கூடப் போதுமுங்" என்றாள் யாழினி. லீவுக்குக் கிளம்பும்போதே அதற்கு எழுதிக் கொடுத்திருந்தார். அங்கிருந்தே யூனிட் கிளார்க்கைப் போனில் பிடித்தார். கடிதத்தில் யூனிட்டின் தலைமை அதிகாரி சி.ஓ. கையெழுத்து ஆகி, போன வாரமே ரெஜிஸ்டர் தபாலில் போய்விட்டதாம். நகலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்கலாமே என்று நமக்குத் தோன்றும். ஆபீஸ் காகிதத்தைப் போனில் படம் எடுக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது. பசங்களை வரிசையாக நிறுத்தி அந்த உத்தரவை வாசித்துக் காட்டியவரே ராஜபாண்டிதான். கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு யாழினியிடம் சொன்னார்: "தபால்ல போட்டுட்டாய்ங்கம்மா. தபால்னா வந்துரும்."

திங்கட்கிழமையிலிருந்து காலை பதினொரு மணிக்குத் தெருமுனை டீக்கடையில், தேய்த்த சட்டையோடு நின்றார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். செவ்வாய், புதன் அப்படியே. வியாழன் அன்று தபால்காரரே இறங்கி, பைக்குள் கைவிட்டுத் தேடிக் காட்டினார். "லைன் ஊட்டு அட்ரஸுக்கு ஒண்ணுமே வரலீங்க சார்." நதியா வேலை முடிந்து வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணியிலிருந்து யாழினியின் ஆபீசில் உட்கார்ந்திருந்தார். அவளும் பாவம், அரை மணிக்கொரு தரம் வாசலைப் பார்த்தாள். ஐந்து அடித்து மூன்று நிமிடத்தில் திரையில் ஏதோ சிவப்பாக வந்தது. "அடுத்த வருசம் சேந்துக்குங்ணா" என்றாள். அடுத்த வருசம் சேர்ந்தால் டிகிரி முடிவதற்குள் பட்டாளம் முடிந்துவிடும். ஜவான் சலுகை போய்விடும். கேட்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு எவன் புத்தகத்தை விரிப்பான். இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. திருப்பூரில் அன்றைக்குத்தான் வாரச் சம்பளம். நதியாவைக் கூட்டிவர சாயங்காலம் கம்பெனி கேட்டுக்குப் போனார். உள்ளே கவர் வாங்க வரிசை நின்றது. அழகுமலையும் அந்த வரிசையில்தான் நின்றார். நதியா ஒரு கையில் சம்பளக் கவரும் இன்னொரு கையில் நீளமான பழுப்புக் கவருமாக வந்தாள். பழுப்புக் கவரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"செவ்வாக்கெழமையே வந்துருச்சாம் மாமா."

கம்பெனி முகவரிக்கு வரும் தொழிலாளர் கடிதங்களை ஆபீசில் இருக்கும் மாதவன்தான் கையெழுத்துப் போட்டு வாங்குவார். வாரத்தின் நடுவில் யாரையும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. ஒருத்தர் எழுந்தால் லைன் நிற்கும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும். ஆகவே எல்லாவற்றையும் டிராயரில் பத்திரமாக வைத்து, சனிக்கிழமை சம்பளக் கவரோடு சேர்த்துக் கொடுப்பார். வருசக்கணக்காக அதுதான் பழக்கம், யாரும் குறை சொன்னதில்லை. நதியாவின் செக்கிங் மேசைக்கும் அந்த டிராயருக்கும் நடுவே பதினெட்டுப் படிகள். நாலு நாள் அவள் கீழே நின்றாள், கடிதம் மேலே கிடந்தது.

ராஜபாண்டி முகவரியைப் படித்தார். காசிமாயன் மகன், அப்புறம் கம்பெனி பெயர், வீரபாண்டி. பத்தொன்பது வயதில் ஆள் எடுப்பில் நின்றபோது எழுதியது. அப்போதெல்லாம் பதினொரு மாதத்துக்கு ஒரு வாடகை வீடு. "கம்பெனி அட்ரஸப் போடுறா. நாமதான் மாறுவோம், அது எங்கயும் போகாது" என்று அப்பா சொன்னார், போட்டார். லீவு ஃபாரத்தில் லைன் வீட்டைத்தான் எழுதியிருந்தார். ஆனால் ரெக்கார்டில் இருப்பதுதான் பட்டாளத்துக்கு முகவரி, அதுவும் அவருக்குத் தெரியும். ஒன்பது கல்லூரியில் தபாலா, கூரியரா என்று கேட்ட மனிதர், தன் ரெக்கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். பதினேழு வருசமாகப் பார்க்கவில்லை.

"நானாவது மேல போயி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தோணவே இல்லையே மாமா" என்றாள் நதியா. கண் நிறைந்துவிட்டது.

"நீ என்ன செய்வ." கவரின் ஓரத்தை நகத்தால் கீறிப் பிரித்தார். படிக்க ஆட்சேபம் இல்லை என்று இரண்டே வரி, கீழே சி.ஓ.வின் கையெழுத்து, முத்திரை. எல்லாம் முறையாக இருந்தது. இருந்த மடிப்பிலேயே மடித்தார்.

உள்ளிருந்து ஹாரன் கேட்டது. மகுடேஸ்வரனின் கார். கேட்டில் ஆள் இல்லை. அழகுமலை வரிசையின் நடுவிலிருந்து கையை உயர்த்தி, வருகிறேன் என்று காட்டினார். ஹாரன் இன்னொரு தடவை கேட்டது. ராஜபாண்டி கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் தூக்கி, இரண்டு கையாலும் கேட்டைத் தள்ளித் திறந்தார்.

கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "அட, ராஜபாண்டிங்களா. லெட்டரு கெடச்சுதுங்களா கண்ணு? பட்டாளத்து லெட்டராச்சே, பத்திரமா வெய்யின்னு மாதவங்கிட்ட நாந்தான் சொன்னனுங்க."

"கெடச்சுருச்சுங்க முதலாளி."

"நல்லதுங்க சாமி" என்று சந்தோசமாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நதியா வண்டிக்குப் பக்கத்தில் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாண்டி கேட்டை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். போட்டுவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.