கன்னியம்மா அத்தையின் அடுப்படி வழியாக ஓர் உத்தரம்

எனக்கு அந்த யோசனை தோன்றியபோது வாய் நிறைய இட்லி இருந்தது. அதனால் உடனே சொல்ல முடியவில்லை. இட்லி இறங்குவதற்குள் யாராவது என்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போயிருந்தால் இந்தக் குறிப்புக்கே வேலை இருந்திருக்காது.

இடம், கன்னியம்மா அத்தையின் இட்லிக் கடை. அவருடைய சமையலறைப் பின்கதவு எங்கள் வீட்டுக் கொல்லையில்தான் திறக்கும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்பெனிகளுக்குப் போகிற ஷிப்டு ஆட்களுக்கெல்லாம் அவரிடம்தான் நாஷ்டா. உறவுமுறையில் அத்தை இல்லை, அதட்டலில் அத்தை.

என் அண்ணன் முருகேசன் எதிரே உட்கார்ந்து, இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுத் தின்னாமல் இருந்தார். அவர் கட்டும் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது. கூரையைத் தாங்கும் உத்தரம்தான் இல்லை. பிரசவத்துக்காக ஊத்துக்கோட்டையில் தாய் வீட்டுக்குப் போன அண்ணி, ஒழுகாத கூரை ஏறினால்தான் குழந்தையோடு வருவேன் என்று சொல்லிவிட்டார். அண்ணன் தன் மகனை இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறார். ஆனி மாதக் கடைசி வியாழன் முகூர்த்தம். அதை விட்டால் ஆடி. ஆடியில் எங்கள் ஊரில் உத்தரம் ஏற்ற மாட்டார்கள். ஏறிவிட்டால் மற்ற வேலைக்குத் தடையில்லை.

மரம் இருந்தது. போன வருஷப் புயலில் சாய்ந்த வேம்பு, கிளை கழித்து, எங்கள் கொல்லையிலேயே காய்ந்து கிடந்தது. அறுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

இட்லியை விழுங்கினேன். "அண்ணா, ஆளே வேணாம். நானே மிஷின் வச்சி அறுத்துத் தரேன்."

"நீயா? நீ பண்ண கோழிக்கூண்டு இன்னா ஆச்சி? கோழிய உள்ள வுட்டு கம்பி அடிச்சிட்டு, கதவு வைக்க மறந்துட்ட."

"அது ஸ்கூல் படிக்கசொல்ல. இப்ப நான் டிப்ளமா."

அடுப்பருகிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "அப்ப கோழி மாட்டிகிச்சி. இப்ப யாரு மாட்டிக்கப் போறாங்களோ!"

பத்து விரல் நிபந்தனை

நான் மரம் அறுக்கும் சா மில் ஒன்றில் பிட்டர். மொதலாளியிடம் போய், மூலையில் கிடந்த பழைய மூன்றடி வட்ட ரம்பத்தையும், ஷாப்ட்டையும், ஒரு ஜோடி பேரிங்கையும் கேட்டேன்.

"எத்துகினு போ நைனா," என்றார். "பிளேடு போனா போவுது. வெரலு பத்தும் திரும்பி வரணும். வேல முடிஞ்சி வர்ற திங்கக்கெழமை எண்ணிப் பாப்பேன்."

அறுவடை முடிந்து கிணற்றடியில் சும்மா இருந்த ஆயில் இன்ஜினைக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன். பழைய இரும்புக் கடையில் ஆங்கிளும் சக்கரங்களும் வாங்கி, முட்டி உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, அதன்மேல் தண்டவாளமும் ட்ராலியும் அமைத்தேன். மரத்தை ட்ராலியில் ஏற்றித் தள்ள வேண்டும், அது ரம்பத்தை உரசிக்கொண்டே போகும், ஒரு பக்கம் சீவிவிடும். நாலு தடவை தள்ளினால் நாலு பக்கமும் சதுரம்.

மிஷின் என்றால் பவுண்டேஷன். பாலிடெக்னிக்கில் நான் ஒழுங்காகப் படித்த பாடம் அது ஒன்றுதான். ஆழமாகக் குழி வெட்டி, போல்ட் இறக்கி, கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்தினேன். "யானை வந்து இழுத்தாலும் அசையாது," என்று அண்ணனிடம் சொன்னேன்.

அளவும் எடுத்தேன். கொல்லை இருபத்திரண்டு அடி. மரம் பதினான்கு. மிச்சம் எட்டு. அதில் ரம்பத்துக்கு மூன்று, நாங்கள் நின்று அழகு பார்க்க ஐந்து.

கதவைத் தட்டியது

இன்ஜினை ஓட்டாமல், மரத்தை ரம்பத்தில் படாதபடி சற்று ஒதுக்கி வைத்து, முதலில் ஒரு வெள்ளோட்டம். நானும் அண்ணனும் குனிந்து பின்னாலிருந்து தள்ளினோம். மரம் ரம்பத்தைத் தாண்டி அழகாகப் போனது. அழகு பார்க்கும் இடத்தையும் தாண்டிப் போனது. டம் என்று சத்தம்.

"யாரது கதவத் தட்றது? பொறு, வரேன்!" என்று உள்ளேயிருந்து அத்தை குரல்.

கதவு திறந்தது. நாங்கள் தள்ளுவதை நிறுத்தவில்லை.

"டேய்! இன்னாடா இது! மரம் ஊட்டுக்குள்ள வந்துகினு கீது!"

மரம் படுத்திருக்க பதினான்கு அடி போதும். அறுபட வேண்டுமானால் ரம்பத்துக்கு இந்தப் பக்கம் பதினான்கு, அந்தப் பக்கம் பதினான்கு வேண்டும். இதை நான் அந்த நிமிஷம்தான் கண்டுபிடித்தேன்.

"மிஷின கொஞ்சம் நவுத்தி வையேன்," என்றார் அண்ணன்.

நான் கான்கிரீட்டைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"யானை," என்றார்.

அத்தையிடம் பேச்சுவார்த்தைக்கு அண்ணனை முன்னால் தள்ளினேன். அவர் குழந்தையைப் பற்றி ஆரம்பித்ததும் அத்தைக்கு மனசு இளகியது. ஆனால் வாய் இளகவில்லை.

"சரி, வந்துட்டுப் போவட்டும். ஆனா அறுத்த கட்ட அத்தினியும் என் அடுப்புக்கு. உன் கொல்லையில ஒரு சில்லு நான் பாக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். அவர் அடுப்புக்கும் ஆட்டுக்கல்லுக்கும் நடுவே தண்டவாளத்தை நீட்டினேன்.

கசப்புச் சட்னி

கடையில் கூட்டமில்லாத நேரத்தில்தான் அறுக்க வேண்டும் என்று ஏற்பாடு. இன்ஜினுக்கு அது தெரியவில்லை. காலையெல்லாம் கைப்பிடி சுற்றியும் கிளம்பாமல், சரியாக மதிய ஷிப்டு ஆட்கள் இலை போட்டு உட்கார்ந்ததும் கிளம்பியது. மரம் உள்ளே வந்தது. கூடவே தூளும் வந்தது.

பவுண்டரியில் வேலை செய்யும் ஜெகந்நாதம் முகத்தைச் சுளித்தார். "இன்னாத்தே, சட்னி கசக்குது?"

"வேப்பம்பூ போட்டுகீறேன். ஒடம்புக்கு நல்லது, தின்னு," என்றார் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மறுநாள் ஒருத்தர், தனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல்லி, அந்தக் கசப்புச் சட்னி இன்னும் இரண்டு கரண்டி கேட்டார்.

புதன்கிழமைக்குள் மூன்று பக்கம் முடிந்தது. விடிந்தால் முகூர்த்தம். நாலாவது பக்கத்தில், முக்கால்வாசி போனதும், மரம் கிரீச்சிட்டு நின்றது. பெல்ட் கழன்று ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிப் போய் விழுந்தது. அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்விவிட்டது. உள்ளே நிலைமை இன்னும் மோசம். மரத்துக்கு அந்தப் பக்கம் இட்லிப் பானை, இந்தப் பக்கம் பசித்த ஷிப்டு ஆட்கள்.

"யோவ், கம்பெனில சங்கு ஊதிடுவான்யா! பேஜாராப் பூடும்!" என்று ஜெகந்நாதம் கத்தினார்.

"ஒண்ணும் இல்ல. பிளவுல ஒரு ஆப்பு வச்சா வுட்டுடும்," என்றேன் நான், இன்ஜினை நிறுத்திவிட்டு.

"வையேன்!"

வைக்கலாம். கட்டை வேண்டுமே. கொல்லை முழுக்கத் தேடினேன். மரம் அறுக்கும் இடத்தில் ஆப்பு செதுக்க ஒரு துண்டு மரம் இல்லை. அத்தை பெருக்கியே எடுத்துக்கொண்டு போயிருந்தார். மரத்தைத் தாண்டி உள்ளே குதித்து, அடுப்பில் எரியும் கட்டையை உருவப் போனேன். கையில் சுரீர் என்று ஒரு அடி விழுந்தது. அடித்தது என்ன என்று பார்த்தேன். தோசைத் திருப்பி. நல்ல இரும்பு. நுனி மெல்லிசு, போகப்போகக் கனம்.

"அத்தே, அதக் குடு!"

"தோச ஊத்தறதுக்கு நேரமாடா இது!"

பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பிளேடுக்குப் பின்னால் பிளவில் செருகினேன். அண்ணன் அத்தையின் அம்மிக் குழவியால் நாலு போடு போட்டார். பிளவு விரிந்தது, பிளேடு விட்டது. பெல்ட்டை மாட்டி இன்ஜினைக் கிளப்பினேன். சமையலறைக்குள்ளிருந்து எட்டுப் பேர் இட்லிக்காக உயிரைக் கொடுத்து இழுத்தார்கள். கடைசிச் சீவல் கழன்று விழவும், கம்பெனிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. ஆளுக்கு ஒரு இலைப் பொட்டலத்தோடு ஓடினார்கள்.

வியாழன் உத்தரம் ஏறியது. ஒரு முனை கொஞ்சம் பருமன்தான். அந்த முனையை அண்ணன் சுவருக்குள் விட்டுப் பூசச் சொல்லிவிட்டார். பத்தே நாளில் கூரையும் போட்டு, அண்ணி குழந்தையோடு வந்து சேர்ந்தார். பையன் மல்லாந்து படுத்து உத்தரத்தையே பார்த்துச் சிரிக்கிறான். திங்கட்கிழமை மொதலாளி என் விரல்களை எண்ணிவிட்டு, "பத்து கீது. நீ பாஸு," என்றார்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு இரண்டு விஷயம். மரத்தை அளக்கும்போது அது போகப்போகிற தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். முதலில் விழும் சில்லில் ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டவாளத்தைக் கழற்ற ஸ்பானரோடு போனேன். அத்தை, வளைந்துபோன தோசைத் திருப்பியோடு வாசலில் நின்றார். உள்ளே இடம் பற்றாமல் ஜெகந்நாதம் ஒரு நாள் தட்டுகளை ட்ராலியில் வைத்துத் தள்ளிவிட்டாராம். இப்போது ஷிப்டு ஆட்கள் எங்கள் கொல்லையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். முட்டி உயரத்தில் இட்லி தானாக வருகிறது.

"கழட்டாத. பஸ் ஸ்டாப்பு வரிக்கும் இழுத்துக் குடு," என்றார்.

வழியில் ஒரே ஒரு திருப்பம்தான், எங்கள் சுவர் மூலையில். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை கான்கிரீட் கிடையாது, செங்கல் மட்டும். திருப்பத்தில் சாம்பார் எந்தப் பக்கம் சிந்தும் என்று கணக்குப் போட்டு, அண்ணனை அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லியிருக்கிறேன். எதற்கும் பழைய சட்டையில் வரச் சொன்னேன்.