ஐந்தாவது பெயர்

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். பக்கத்தில் வந்து நிற்பதே தெரியாது. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் பெரிய விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையைப் பூனை பிடித்தால் மறுமுனையை அவள் அக்கா பிடிப்பாள். ஒன்பது வருடமாக அதே ஜோடி. பேச்செல்லாம் அக்காவுடையதுதான். வாடகை வீட்டுக்காரரானாலும் பள்ளிக்கூடத்து டீச்சரானாலும் அக்காதான் முன்னால் போவாள். பூனை ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படிவம் ஒன்றைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பூனையின் மகளுக்கு ஆறு வயது. காதில் சீழ் வடிந்து வடிந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்துவிட்டது. சீக்கிரம் ஆபரேஷன் செய்யாவிட்டால் இப்போது கேட்கிற கொஞ்சமும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை உண்டு. அது இருந்தால் செலவில்லை. அக்காதான் பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். நாலு மாதம் ஆயிற்று.

"கார்டு வந்துச்சாக்கா?"

"அரசாங்க வேலைடி. ஆமை கூட முந்திக்கும். வரும், வரும்."

அக்காவுக்கு வேலையும் தனக்கு விடுமுறையுமாக அமைந்த ஒரு நாளில், பூனை மகளைக் கூட்டிக்கொண்டு தானே அலுவலகத்துக்குப் போனாள். வரிசையில் பின்னால் வந்த மூன்று பேருக்கு வழி விட்டுவிட்டு, கடைசியில் ஜன்னலுக்கு வந்தாள்.

உள்ளே கண்ணாடி போட்ட அம்மாள் கணினியைத் தட்டிப் பார்த்தாள். "ஏம்மா, இந்தக் குழந்தைக்குக் கார்டு போய் மூணு மாசம் ஆச்சே."

"எனக்கு வரலீங்க."

"குடும்பத் தலைவின்னு வேற யாரோ இருக்காங்களே. போட்டோவைப் பாருங்க." திரையைத் திருப்பினாள்.

காது மந்தமானதால் மகள் எதையும் கத்தித்தான் சொல்வாள். "அது பெரியம்மா!"

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

திரையில் ஐந்து பெயர்கள் இருந்தன. அக்கா, அவள் வீட்டுக்காரர், இரண்டு பையன்கள். ஐந்தாவதாகப் பூனையின் மகள்.

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "வீட்ல எத்தனை பேருன்னு பாத்துத்தான் வருமான வரம்பு போடுவோம். நாலு பேருன்னா இவங்க வரம்பைத் தாண்டிடறாங்க. அஞ்சு பேருன்னா உள்ள வந்துடறாங்க. உங்களுக்குத் தெரியாம சேத்தாங்கன்னு எழுதிக் குடுத்தா, குழந்தையை உங்க பேர்ல புதுசா போட்டுடலாம். ஆனா அவங்க கார்டு நின்னுடும்."

அக்காவின் சின்னவனுக்கு இழுப்பு. மூன்று மாதமாக அவனிடம் புது இன்ஹேலர் இருப்பதைப் பூனை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் விரிப்பின் முனையைப் பிடித்தபடி சொன்னாள்: "அக்கா, குட்டி பேரை உன் கார்டுல போட்டிருக்க."

அக்காவின் கை நின்றது, வாய் நிற்கவில்லை. "ஆமா, போட்டேன். என்ன இப்ப? உன் புள்ள வேற, என் புள்ள வேறயா?"

"அப்ப கார்டைக் குடு. ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

"ஆபரேஷன்னா பெத்தவ கையெழுத்து கேப்பாங்கடி. நீ வந்து நின்னா நான் மாட்டிக்குவேன்ல?"

ஏதோ அவசரத்தில் செய்துவிட்டாள் என்றுதான் அதுவரை பூனை மனதைத் தேற்றி வைத்திருந்தாள். அவசரமில்லை; யோசித்துச் செய்திருக்கிறாள். வாராவாரம் வரும், வரும் என்றபோதெல்லாம் அட்டை அக்காவின் பீரோவில்தான் இருந்திருக்கிறது.

"நாலு மாசமா கேட்டேனேக்கா."

"சின்னவன் மூச்சுக்குத் துடிச்சதை நீ பாக்கலியா? உன் பொண்ணுக்குக் காதுதானே? உசுரா போகுது?"

பூனை அந்த விரிப்பை மடித்து அடுக்கினாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கார்டுல இன்ஹேலர் ரெண்டு வாங்கி வெச்சுக்க. திங்கக்கிழமை நான் எழுதிக் குடுக்கப் போறேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? ஏய், கேட்டீங்களா, பூனை புலியாகப் போகுதாம்!" இஸ்திரி மேசைக்காரிகளும் சிரித்தார்கள், எதற்கென்று தெரியாமலே.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூனை அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள். "வாங்கிட்டியா?"

"போடி, போய் வேலையைப் பாரு."

திங்கட்கிழமை ஜன்னல் திறந்தபோது முதல் ஆள் அவள்தான். பெரிய பெரிய எழுத்தில் ஆறு வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று.

"உங்க அக்கா கார்டு நின்னுடும்மா. பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு மட்டும் எழுதச் சொல்லாதீங்க. மத்ததெல்லாம் எழுதறேன்."

அட்டை நின்ற வாரமே சலவைக்கூடம் முழுக்கப் பேச்சு. கூடப் பிறந்தவளே காட்டிக் கொடுத்துவிட்டாளாம், பச்சைப் பிள்ளையின் மூச்சில் கை வைத்துவிட்டாளாம். அக்கா அழுதழுது சொன்னாள், நம்பும்படி சொன்னாள். இஸ்திரி மேசைக்காரிகள் ஒவ்வொருத்தியாகப் பூனையை முறைத்துவிட்டுப் போனார்கள். நடந்தது என்ன என்று அவளிடம் ஒருத்தியும் கேட்கவில்லை. சின்னவனுக்கு இன்ஹேலரை அக்கா வீட்டுக்காரர் கடையில் வாங்கிக் கொடுத்தார். அவரால் வாங்க முடிந்திருக்கிறது.

மகளின் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த அன்று பூனை யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு சேதி வந்தால் ஓடிப் போய்ச் சொல்ல அவளுக்கு இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.