பிளக்கைப் பிடுங்கிய வீட்டுக்கு வந்த அழைப்பு

பேய், ஆவி, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிற எல்லோரும் கடைசியில் என் முகத்தை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், நீங்களும் பார்ப்பீர்கள், பரவாயில்லை. என் தொழில் அப்படி. நெட் வரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஒயரை எலி கடித்திருக்கும், அடாப்டர் புகைந்திருக்கும், டிஷ்ஷுக்கு நேர் எதிரே எவனாவது புதிதாகத் தண்ணீர் டேங்க் வைத்திருப்பான். அந்தக் காரணம் கிடைக்கிறவரை மொட்டை மாடி வெயிலில் நின்று தேடுவதுதான் என் பிழைப்பு. இத்தனை வருஷத்தில் காரணம் கிடைக்காமல் நான் கீழே இறங்கியது ஒரே ஒரு வீட்டில்தான்.

நசரத்பேட்டையில் பெங்களூர் ஹைவேயை ஒட்டி ஒரு நாலு மாடிக் கட்டடம், அதன் உச்சியில் எங்கள் டவர், அதற்குக் கீழே ஓர் அறைதான் ஆபீஸ். ஏரிப் பக்கத்துத் தெருக்களுக்கு ஃபைபர் ஒயர் இன்னும் போகவில்லை, ரோட்டைத் தோண்ட விடமாட்டேன் என்கிறார்கள். அதனால் அங்கே வீட்டு மாடியில் ஒரு சின்ன டிஷ்ஷைக் கட்டி, அதை எங்கள் டவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, காற்று வழியாகவே நெட் கொடுக்கிறோம். இந்த வேலைக்கு நானும் டில்லியும். ஒருவன் மாடியில் டிஷ்ஷைத் திருப்பினால் மற்றவன் ஆபீஸில் சிக்னலைப் பார்த்து, கொஞ்சம் இடது, கொஞ்சம் மேலே என்று போனில் சொல்ல வேண்டும்.

ரெஜினா அக்கா அந்த ஏரித் தெருவில் கடைசி வீடு. வீட்டுக்காரர் லூர்து அண்ணன் வளைகுடாவில் வெல்டர், கேம்ப்பில் தங்கி வேலை. பிள்ளைகள் இல்லை. தினமும் நம்ம ஊர் நேரம் சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் அழைப்பார், அக்கா எடுத்துப் பேசுவார், கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் குடும்பம் நடத்தியதே பாதி அந்த அழைப்பில்தான். ஒருநாள் அக்கா ஆபீஸ் படியேறி வந்து, மூச்சு வாங்க, நாற்காலியில்கூட உட்காராமல் கேட்டார்.

"தம்பி, அவரு கொரலு ஒடஞ்சி ஒடஞ்சி வருது. இன்னா பேசறாருன்னே பிரியல. காசு கட்டறமில்ல, ஒழுங்கா பேசக்கூட முடியலன்னா எதுக்குப்பா இந்த நெட்டு?"

ஏழு மணி எங்களுக்கும் எமகண்டம்தான். புதிதாக வந்த அடுக்குமாடிகளில் இருக்கிற ஐடி ஜனங்கள் பாதிப் பேர் மீட்டிங்கில் இருப்பார்கள், மீதிப் பேர் படம் பார்ப்பார்கள், லைன் மூச்சு முட்டும். அந்த நெரிசலில் எதை முதலில் விடுவது, எதைக் காக்க வைப்பது என்று நாங்கள் பிரித்து வைக்க முடியும். சாயங்கால ஹைவேயில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுகிற மாதிரி, குரல் போகிற சரக்கை முன்னால் விட்டுவிட்டு சினிமாவைப் பின்னால் தள்ளுவது. அக்காவின் அழைப்பை எல்லாருக்கும் மேலே வைத்தேன். கம்பெனி விதிப்படி ஒரு தனி வீட்டுக்கு அப்படிச் செய்யக் கூடாது, செய்தேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்காக அந்த லைனின் கோட்டுப் படத்தை நான் தினமும் பார்க்க வேண்டியிருந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். என்ன பேசுகிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, யாராலும் கேட்க முடியாது. திரையில் இரண்டு கோடுகள் ஓடும், அவ்வளவுதான். ஒன்று வீட்டிலிருந்து வெளியே போகிறது, இன்னொன்று வெளியிலிருந்து வீட்டுக்கு வருகிறது. யார் பேசுகிறாரோ அவர் கோடு எழும்பும், கேட்பவர் கோடு தரையோடு படுத்திருக்கும். ரெஜினா அக்கா லைனில் போகிற கோடு மலை மலையாக இருக்கும். வருகிற கோட்டில் நடுநடுவே ஒரு சின்னப் புடைப்பு, அது அண்ணன் 'ம்' போடுவது. டில்லி அதைப் பார்த்து, "அக்கா ஓட்டறாங்க, அண்ணன் ம்ம் கொட்டிகினு கீறாரு" என்று சிரிப்பான்.

அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மழை. சும்மா மழையில்லை, ஏரித் தெருவில் முழங்கால் தண்ணீர். இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று எல்லா வீட்டிலும் சொல்லி வைத்திருக்கிறோம், இல்லையென்றால் மின்னல் ஒயர் வழியாக இறங்கி டிஷ்ஷையும் டிவியையும் சேர்த்துத் தின்றுவிடும். அதனால் சாயங்காலம் திரையில் ஏரித் தெரு முழுக்க சிவப்பு, எல்லா வீடும் ஆஃப். நானும் டில்லியும் டீயை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். ஏழு மணி வாக்கில் ஒரே ஒரு வீடு பச்சையானது. ரெஜினா அக்கா வீடு.

அழைப்பு வந்துவிட்டது, கோடுகள் ஓடின. ஆனால் தலைகீழாக. வருகிற கோடு எழும்பி எழும்பி ஓடியது, போகிற கோட்டில் சின்னச் சின்னப் புடைப்பு மட்டும். நான்தான் டில்லியிடம் காட்டினேன்.

"பார்றா, இன்னைக்கு அண்ணன் பேசறாரு."

"இன்னா அதிசயம். சண்டையா இருக்கும் மாமே, அக்கா ஒண்ணும் பேசாம கீறாங்க" என்றான் டில்லி.

ரொம்ப நேரம் போயிற்று அந்த அழைப்பு. நாங்கள் ஆபீஸைப் பூட்டிவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலையில் செய்தி வந்தது. லூர்து அண்ணன் கேம்ப் அறையிலேயே மாரடைப்பில் போய்விட்டார். நைட் ஷிப்ட் முடித்து வந்த அறைத் தோழர் பார்த்தபோது படுக்கையில், காதோரம் போனோடு, உடம்பு சில்லிட்டுப் போயிருந்ததாம். ஆனாலும் ஒரு சின்ன ஆறுதல், கடைசியாகப் பெண்டாட்டியோடு ஆசை தீரப் பேசிவிட்டுத்தானே போனார் என்று. உடம்பு வந்து அடக்கம் நடந்தபோது நானும் டில்லியும் போய் ஒரு மாலை வைத்துவிட்டு வந்தோம்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அக்கா ஆபீஸுக்கு வந்தார். கூடவே லூர்து அண்ணனின் தங்கை ஜோஸ்பின், அம்பத்தூரில் இருப்பவர், வாசற்படியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா இந்தத் தடவை உட்கார்ந்தார்.

"தம்பி, நீ லைன்ல பாப்பியாமே, யாரு பேசறாங்கன்னு. அவரு கூட தங்கியிருந்த பையன் அடக்கத்துக்கு வந்தான். 'அக்கா, நான் ஷிப்டுக்குக் கெளம்பும்போதுகூட உங்களோடதான் சிரிச்சி சிரிச்சிப் பேசினு இருந்தாரு'ன்றான். நான் பேசலியேப்பா. அன்னைக்கு நான் பேசவே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். தெருவில் தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் நாங்கள் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி பீரோ மேலே வைத்து, வீட்டைப் பூட்டிவிட்டு வானகரத்தில் இருக்கிற தன் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டாராம். போகிற வழியில் போன் தண்ணீரில் விழுந்து, அங்கே ராத்திரி முழுக்க அரிசி டப்பாவுக்குள் கிடந்திருக்கிறது. வீட்டுக்காரர் அழைத்திருப்பாரே, தேடியிருப்பாரே என்று அழுதுகொண்டே படுத்திருக்கிறார். காலையில் செய்தி வேறு ஆள் மூலமாக வந்திருக்கிறது.

"அப்போ எங்கண்ணன் யாராண்ட பேசிச்சி?" என்றார் ஜோஸ்பின் வாசலிலிருந்து. "அண்ணன் போனைத் தொறக்கவும் முடியல, பூட்டு போட்டு வச்சிருக்கு. சொந்தக்காரங்க வாயை எப்படி அடைக்கிறது? அங்க எவளோ இருந்திருக்கான்னுதான் பேசிக்கிறாங்க."

அக்கா தலையைத் தூக்கவில்லை. "எனக்குத் தெரியணும் தம்பி. அப்படித்தான்னா அப்படின்னே சொல்லிடு. இத்தினி வருசம் நான் யாரோட பேசினேன்னு எனக்குத் தெரியணும்."

உங்களோடுதான் பேசினார் என்று சொல்லிவிடலாம், படம் இருக்கிறது. ஆனால் அது எப்படி இருக்க முடியும்? முதலில் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் அக்கா என்று எழுந்தேன். டில்லியை ஆபீஸில் விட்டுவிட்டு அவர்களோடு ஏரித் தெருவுக்குப் போனேன்.

பீரோ மேலே ஒயர் சுருட்டினபடி இருந்தது, மேலே மெல்லிசாகத் தூசி. கரண்ட் இல்லாமல் டிஷ் உயிர் பெறாது, அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாடி ஏறினேன். மழைக்காற்றில் கம்பத்தின் பிடி தளர்ந்து, டிஷ் எங்கள் டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றது. கீழே இறங்கி பிளக்கைப் போட்டு டில்லிக்கு போன் செய்தேன். ஒரு சிக்னலும் இல்லை என்றான். எப்படி இருக்கும்? மறுபடி மேலே ஏறி நானே டிஷ்ஷை மெதுவாக டவர் பக்கம் திருப்பிய பிறகுதான் வீடு பச்சையானது. வேறு வீட்டு டிஷ்ஷைத் தவறிப்போய் இந்தப் பெயரில் போட்டுவிட்டோமோ என்று அதன் அடியில் அச்சடித்த எண்ணையும் படித்துச் சொன்னேன்.

"அதே நம்பர்தான் மச்சான்" என்றான் டில்லி. பிறகு, "கீழ எறங்கி வந்துடு" என்றான்.

அவர்களை மறுபடி ஆபீஸுக்கு அழைத்து வந்து அன்றைய படத்தைத் திறந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம் என்றுதான் அவர்களிடமும் சொன்னேன். இது உங்கள் வீட்டு லைன், இது ஏழு மணி, இது அண்ணன் இருந்த கேம்ப்பிலிருந்து வந்த அழைப்பு, இந்தக் கோடு அவர் பேசியது. ஜோஸ்பின் உள்ளே வந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"ஊட்ல யாரும் இல்லன்னு அண்ணிதானே சொன்னாங்க. அப்போ யாருக்குக் கேட்டிச்சி?"

நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இப்போதும் தோன்றும். ஆனால் மறைக்க வரவில்லை. போகிற கோட்டின் மேல் விரலை வைத்தேன். "பாருங்க, அவரு நிறுத்தற இடத்துலெல்லாம் இந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு 'ம்' போயிருக்கு."

ஜோஸ்பின் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அக்கா மட்டும் திரைக்குப் பக்கத்தில் வந்து, அந்தச் சின்னப் புடைப்புகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி, எனக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"நம்ம ஊட்டுக்குத்தான் பேசியிருக்காரு" என்றார். "வேற எங்கியும் பேசல. தனியாவும் பேசல." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "கடைசியா யாரு தம்பி பேசினது, அவரா, இந்தப் பக்கமா?" என்று கேட்டார்.

"அவருதான் அக்கா" என்றேன்.

பொய். அவர்கள் படியேறி வருவதற்குள் நான் படத்தைக் கடைசிவரை பார்த்திருந்தேன், அவர்களுக்கு அதற்குமேல் நகர்த்திக் காட்டவில்லை. அண்ணனின் கோடு ஓர் இடத்தில் தரையோடு படுத்துவிட்டது, திரும்ப எழவே இல்லை. ஆனால் அழைப்பு அறுபடவில்லை. அதற்குப் பிறகுதான் அதுவரை 'ம்' மட்டும் போட்டுக்கொண்டிருந்த இந்தப் பக்கத்துக் கோடு எழும்பியிருந்தது. கொஞ்சம் பேச்சு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி அதே அளவு பேச்சு, அதே அளவு இடைவெளி. ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப, வெகு நேரம். மனிதர்கள் அப்படிப் பேசி நான் எந்த லைனிலும் பார்த்ததில்லை. ஏதோ மெஷின் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், டில்லியிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அக்கா எங்களைக் கூப்பிட்டிருந்தார். நான் கிறிஸ்தவன் இல்லை, அவர்கள் ஜெபமாலை சொல்லி அதுவரை பக்கத்தில் இருந்து கேட்டதும் இல்லை. வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே அக்கா ஒரு பாதியைச் சொன்னார், சொல்லி நிறுத்தினார், மீதிப் பாதியை மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். மறுபடி அக்கா, மறுபடி மற்றவர்கள். அதே அளவு பேச்சு, அதே அளவு இடைவெளி. நான் திரையில் பார்த்ததும் இதுவேதான்.

அந்தப் பூட்டிய வீட்டிலிருந்து யாரோ லூர்து அண்ணனுக்காக ஜெபமாலை சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்தி, மீதிப் பாதியை அவர் சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள்.