உப்பு ஐஸில் விறைத்த மருந்து: அரியூர் முதல் குருவிநத்தம் வரை

போன சித்திரையில் என் அண்ணன் காலுக்காகப் போன பயணம் இது. அண்ணன் ஏழுமலை குருவிநத்தத்தில் கரும்பு போடுகிறவர், சர்க்கரை நோய்க்காரர். கட்டைவிரலில் நான்கு மாதமாக ஆறாத புண். "இதுக்கும் ஆறலன்னா விரலை எடுக்கணும்" என்று சொல்லித்தான் டாக்டர் வளர்ச்சிக் காரணி ஜெல் எழுதித் தந்தார். உடம்பில் இயல்பாகச் சுரக்கும் புரதம்தானாம். புதுத்தோல் வளரச் சொல்லி செல்களைத் தட்டி எழுப்புமாம். குளிர்ச்சியிலேயே வைக்க வேண்டும், ஆனால் உறையக் கூடாது.

அரியூரில் மருந்தை வாங்கி, ஐஸ் பேக்கோடு பையில் வைத்து, பத்தே முக்காலுக்கு ஆட்டோ ஏறினேன். வில்லியனூர், பாகூர் வழியாகக் கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர்; எழுநூறு ரூபாய். டிரைவர் முருகன், அண்ணனின் ஊர்க்காரர்தான்; மீன் லோடும் அடிப்பவர். வில்லியனூரில் பையை ஆட்டோவிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர் வாங்க நான் இறங்கியதுதான் தப்பு.

பாகூர் ஏரிக்கரையில் பையைத் திறந்தேன். ஐஸ் தூளுக்கும் கல்லுப்புக்கும் நடுவில் டியூப், கட்டையாக விறைத்துக் கிடந்தது.

"வெயிலு இன்னா காய்ச்சு காய்ச்சுது! மீனுக்குப் போடற மாரி உப்பு போட்டு வெச்சேன்க்கா, கெடாது."

"மீனு இல்லடா பாவி, மருந்துடா!"

உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் கூடிவிடுமே. குருவிநத்தம் போவதற்குள் மருந்து இளகி, பழையபடி ஆகிவிட்டது. பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, விலையும் கொஞ்சநஞ்சமில்லை. மருந்துக்கடைக்குப் போன் போட்டேன். "ஒரு தடவை உறைஞ்சாலே நம்ப முடியாதும்மா. போடாதீங்க" என்றார்கள்.

அண்ணன் புண்ணைக் கழுவிவிட்டு, காலை நீட்டிக் காத்திருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன். முருகன் தலையைக் குனிந்து நின்றார்.

அண்ணன் தன் வழுக்கையைத் தடவினார். "காலுக்கு ஆவலன்னா வுடும்மா, தலையில தேச்சிக்கிறேன். முடிக்கும் இதான் போடறாங்களாமே?"

"அதுக்கு நம்ம ரத்தத்துலயிருந்தே எடுத்து ஊசி போடுவாங்கண்ணே. சும்மா இரு!"

மறுநாள் காலை எட்டு மணிக்கு முருகன் கூப்பிடாமலே வந்து நின்றார். வேறு டியூப் வாங்கி வந்தோம். இந்த முறை அவர் பைப்பக்கமே திரும்பவில்லை.

இப்படி மருந்து கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பேக்கைத் தடித்த துணியில் சுற்றுங்கள், டியூப் மேல் பட விடாதீர்கள். பை உங்கள் மடியிலேயே இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டு. ஃப்ரீசர் கூடவே கூடாது.

பத்து வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தபோது கூடவே இருந்தேன். புண் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். விரல் ஐந்தும் பத்திரம். தலைதான் அப்படியே பளபளக்கிறது. முழுசாகப் பிதுக்கிக் காலியான அந்த முதல் டியூபை அண்ணி சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டினார்.