மெள்ள வாசித்தால் துட்டி

“...யாருன்னு சொன்னாத்தானே மக்கா நான் அழ முடியும்?” என்று கேட்டுக்கொண்டே எதிர்வீட்டுப் பெரியம்மை எங்கள் வாசற்படி ஏறினாள். அழுவதற்கு வாய் தயாராக இருந்தது. யாருக்காக என்பதுதான் தெரியவில்லை. உள்ளே அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். இழவு என்று நினைத்துத் துட்டி கேட்க வந்த வீட்டில் நெய்யும் ஏலக்காயும் மணந்தால் யாருக்குத்தான் குழப்பம் வராது?

எல்லாம் சித்தப்பாவின் பாட்டால் வந்தது. கப்பலில் சாப்பாடு பரிமாறும் வேலை அவருக்கு, லீவில் வந்திருந்தார். அன்று அத்தையைப் பெண் பார்க்கப் புளியங்குடியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. வருகிறவர்களுக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று, கப்பலில் விருந்து நேரத்தில் போடுகிற சிடி ஒன்றைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி முன்னறையில் ஓடவிட்டிருந்தார். எங்கள் சங்கரன்கோவிலில் பேண்டு செட்டுக்கு இரண்டே நடை. ஓடி வாசித்தால் கல்யாணம், மெள்ள வாசித்தால் துட்டி. இதுவோ சாக்ஸபோன், அதுவும் ஆடி அசைந்து வருகிற சாக்ஸபோன். பெரியம்மை மேல் என்ன தப்பு?

சித்தப்பா அவளை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கினார். இதற்கு ஜாஸ் என்று பேர், அதிலும் இது ஸ்விங், ஊஞ்சல் ஆடுகிற மாதிரி, வந்தவர்கள் மனசு கொஞ்சம் உட்காரட்டும் என்று போடுவது என்றெல்லாம் சொன்னார். கல்யாண வீட்டிலேயே கட்டி அழுகிறவள் இழவு வீட்டில் விடுவாளா என்று பாட்டைப் பார்த்தே ஒரு சொலவடையைப் போட்டாள் பெரியம்மை. ஆனாலும் எழுந்து போகவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

எனக்கும் முதலில் அது பிடிபடவில்லைதான். பாடுகிறதுக்கு ஆளே இல்லாமல் என்ன பாட்டு? சித்தப்பா வந்த நாளிலிருந்து மத்தியானங்களில் அத்தையோடு உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கக் கேட்கத்தான் ருசி தட்டியது. விளக்குமாறால் ஈர முற்றத்தை இழுத்து இழுத்துப் பெருக்குகிற மாதிரி ஒரு மேளம். மாடியில் யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிற மாதிரி ஒரு தடித்த கம்பியின் சத்தம். சாக்ஸபோன் இருக்கிறதே, அது சளி பிடித்த ஒரு நல்ல மனுஷன் ரகசியம் சொல்கிற மாதிரி, வரவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அத்தை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினாள். ஓர் எழுத்தை இழுத்து அடுத்ததைச் சுருக்கி அடித்தால் அவளிடம் தப்ப முடியாது. தன் பிள்ளைகள் இப்படி அடித்தால் பெயில்தான் என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு, பெயிலாக வேண்டிய அந்தப் பாட்டையே மறுபடி போடச் சொல்லுவாள்.

புளியங்குடிக்காரருக்கு எலுமிச்சை வியாபாரம். இது இரண்டாம் கல்யாணம். நகை, சீர் ஒன்றும் கேட்கவில்லை. அத்தை இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். வேண்டாம் என்று அத்தை சொல்லிப் பார்த்திருந்தாள். அப்பாவையும் குறை சொல்ல முடியாது. தங்கைக்கு முப்பது தாண்டியாயிற்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அந்த நேரத்தில்தான் தரகர் தெருமுனையிலிருந்து போன் செய்தார். வேன் அங்கேயே நின்றுவிட்டதாம். மாப்பிள்ளையின் அம்மா பாட்டைக் கேட்டுவிட்டு, துட்டி நடக்கிற தெருவில் பெண் பார்க்கக் கால் வைக்கமாட்டேன் என்று இறங்காமல் இருக்கிறாளாம். அப்பா போனிலேயே சத்தியம் செய்தார். எடுபடவில்லை. அந்தத் தெருவில் இருக்கிற பொம்பளை யாராவது நேரில் வந்து சொன்னால் நம்பலாம் என்றார்கள்.

சித்தப்பா பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். பட்டுச்சேலையோடு கதவோரம் நின்ற அத்தை, இந்த ஒன்று மட்டும் முடியட்டும் அண்ணே என்றாள். அப்பாவுக்கு அவளை முறைக்கக்கூட நேரமில்லை. பெரியம்மை முன்னால் போய்க் கையைக் கூப்பினார்.

“மைனி, நீங்க ஒரு எட்டு போய்ச் சொல்லிட்டு வாங்க. நீங்க சொன்னா நம்புவாங்க.”

பெரியம்மை உடனே எழவில்லை. அத்தையைப் பார்த்தாள்.

“ஏட்டி, நீ என்ன சொல்லுத?”

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னாள். “எனக்கு என்ன மைனி அவசரம்? அங்கன பிள்ளைக பரீட்சைக்கு நிக்குதுக.”

அப்பாவின் காதில் அது விழவில்லை. அவர் கண்ணெல்லாம் தெருமுனையில் இருந்தது.

“சரி, நான் போயிச் சொல்லுதேன்,” என்று பெரியம்மை எழுந்தாள். நான் வாசல்வரை பின்னாலேயே போனேன். எங்கள் வீட்டு நடையைத் தாண்டியதும் அவள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். செத்தது யாருமில்லை என்று சொல்லப் போகிறவளுக்கு இது எதற்கு என்று அன்றைக்கு எனக்கு விளங்கவே இல்லை. பிறகு மாரில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டே வேனைப் பார்த்து நடந்தாள்.